பின் ஸீட் ஏன் தூக்கிப் போடுகிறது?

பின் ஸீட்டில் வரும் பெரியவர்கள் “இடுப்பு விண்ணு விண்ணுன்னு வலிக்குது” என்றால் நாம் தைலத்தைத் தேடுவோம், இல்லாவிட்டால் ரோட்டைத் திட்டுவோம். வண்டிக்கு அடியிலும் ஒரு பார்வை பாருங்கள், சகோதரிகளே!

எங்கள் வீட்டில் ஓர் ஆம்னி வேன். (2019-ல் இதன் தயாரிப்பு நின்றுவிட்டது, எங்களுடையது இன்னும் ஓடுகிறது.) சில மாதங்களாக, வேகத்தடை தாண்டிய பிறகும் நாலைந்து தடவை ஊஞ்சலாடும். என் மாமியாருக்கு ஏற்கெனவே முதுகெலும்புத் தேய்மானம். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா, இல்லே அங்கேயே படுக்க வைக்கப் போறியாம்மா?” என்றார்.

வண்டியின் கனத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆம்னியின் பின் ஆக்ஸிலில் அது இரும்புப் பட்டைகளாக இருக்கும். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்ஸார்பர். குழாய்க்குள் இருக்கும் எண்ணெயைப் பிஸ்டன் சின்னத் துளைகள் வழியே தள்ள வேண்டும். அந்தச் சிரமத்தில் ஆட்டம் அடங்குகிறது. எண்ணெய் ஒழுகிவிட்டால் குலுக்கல் மட்டுமா? டயர் ரோட்டை விட்டுவிட்டுத் தொடும். பிரேக் போட்டால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். மழை நாளில் கேட்கவே வேண்டாம். இடுப்பு வலியைவிட எனக்கு இதுதான் பயமாக இருந்தது.

மெக்கானிக் தம்பி, “அக்கா, இடது பக்கந்தான் ஒழுகுது. ஒண்ணு மாத்தினா போதும்” என்றார். நான் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ரப்பர் புஷ்ஷோடு.

வேலை பெரிதில்லை, துருப்பிடித்த நட்டைக் கழற்றத்தான் அரை மணி ஆயிற்று. வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் அடியில் படுக்க விடாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்தே ஆகவேண்டும். இன்னொன்று: நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது, சக்கரம் தரையில் நின்று கனம் இறங்கிய பிறகு. தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். பக்கத்திலேயே நின்று அப்படியே செய்யச் சொன்னேன்.

கழற்றிய பழசைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். வாஷர் போன சைக்கிள் பம்பு மாதிரி தடையே இல்லாமல் உள்ளே போயிற்று!

இப்போது வேகத்தடையில் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். டாக்டர் சொன்ன மாத்திரையையும் பயிற்சியையும் மாமியார் நிறுத்தவில்லை. அது வேறு, இது வேறு.

உங்கள் வண்டியின் பின் மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. மறுபடி மறுபடி ஆடினாலோ, குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ, அடுத்த வெளியூர்ப் பயணத்துக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.