மலையிறங்கும் சதைத் துண்டு

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் பண்ணைக்காட்டுப் பெண் வத்தலக்குண்டு வழியே மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்க வேண்டும். காப்பிப் பறிப்பு மாதமென்றால் அன்றைய கூலி போச்சு. கட்டியில் வலியும் இல்லாததால், 'பறிப்பு முடியட்டும்' என்று நாள் தள்ளிப்போகிறது. இந்தத் தாமதத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். அறுத்தெடுத்த சதை லேபுக்குப் போய்ச் சேரும்வரை நடக்கும் தாமதத்தை யாரும் பேசுவதில்லை. என் கவலை அதுதான்.

அந்தச் சதையில் லேப் எதைத் தேடுகிறது என்று முதலில் பார்ப்போம். மார்பகப் பால் குழாயின் சுவரில் இரண்டு அடுக்குச் செல்கள் உண்டு. வெளி அடுக்கு, சுருங்கி விரியும் தன்மையுள்ளது. குழாயைச் சுற்றி வேலிபோல நிற்பது. புற்று குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும்வரை இந்த வேலி பெரும்பாலும் இருக்கும். வெளியே பரவிய புற்றைச் சுற்றி இருக்காது. சில கட்டிகளில் மைக்ராஸ்கோப்புக்கே இது பிடிபடாது. அப்போதுதான் பி63, கால்போனின் போன்ற புரதங்களைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைச் சதைச் சீவலில் இடுகிறார்கள். வேலி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு உருவாக்கும் வழியை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள், ஆன்டிபாடியால் புரதத்தைத் தேடும் இன்றைய ஐ.எச்.சி. டெஸ்டுக்கு அது பெரிய பலம்.

புற்று உறுதியானதும் ஈ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 ஆகிய புரதங்கள் அதில் உண்டா என்று இதே டெஸ்டில் பார்ப்பார்கள். ஈ.ஆர். இருந்தால் தமாக்சிஃபென் போன்ற விலை குறைந்த மாத்திரையே பல ஆண்டுகளுக்குக் காவல். ஹெர்2-இன் நிற அளவு மூன்று பிளஸ் என்றால் அதற்கென்றே தனி மருந்து உண்டு. இரண்டு பிளஸ் என்றால் மரபணு அளவில் இன்னொரு சோதனை.

ஆனால் ஈ.ஆர். புரதம் எளிதில் கெடும். சதையை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். பெரிய கட்டியை வெட்டித் திறக்காமல் சின்ன பாட்டிலில் திணித்தால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் இறங்காது. பல சிற்றூர்களில் அந்தப் பாட்டிலைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோவது நோயாளியின் தம்பியோ மகனோதான். கெட்ட சதையில் ஈ.ஆர். 'இல்லை' என்று முடிவு வந்தால், மாத்திரையால் பிழைத்திருக்க வேண்டியவளுக்கு அது கிடைக்காமலே போகும்.

இந்தத் தவறான முடிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி அந்தச் சீவலிலேயே இருக்கிறது. புற்றுக்குப் பக்கத்திலுள்ள நல்ல பால் குழாய்ச் செல்கள் சிலவற்றிலும் ஈ.ஆர். இருக்கும். அவையும் நிறம் ஏறாமல் கிடந்தால் டெஸ்டையே சந்தேகப்பட வேண்டும். 2022-இல் மட்டும் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்று கண்ட பெண்கள் சுமார் 1.92 லட்சம் பேர் என்று உலகக் கணக்கீடு சொல்கிறது. முதலில் மார்பகப் பரிசோதனை முகாம்களைப் பெருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு, அதுவும் தேவைதான்; ஆனால் எடுத்த சதை கெட்டுப்போனால் அதனால் மட்டும் பயனில்லை.

ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: ஃபார்மலின் தயாரா, சதை எடுத்த நேரத்தைப் பாட்டிலில் எழுதுவீர்களா? முடிவு வந்தபின் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் வந்தால் வேறு லேபில் மறுபடி சோதிக்க அவை வேண்டும்.