காற்று வாங்கும் வட்டி

டில்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையேயுள்ள ஆகாய வழித் தூரம் ஏறக்குறைய 5,850 கிலோமீற்றர். இதனை வைத்து வகுப்பிலே மாணாக்கருக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். டில்லியில் இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம் மறுநாட் காலை 8 மணிக்கு டோக்கியோவை அடைகின்றது. டோக்கியோவில் முற்பகல் 11 மணிக்குப் புறப்படும் விமானமோ அன்று பிற்பகல் 5 மணிக்கே டில்லியில் இறங்குகின்றது. எது விரைவான பயணம்?

"வருவதே விரைவு, ஐயா. பதினொரு மணி நேரம் ஆறாகக் குறைந்துவிட்டதே!" என்றனர் பலர்.

கடிகாரம் அவர்களை ஏமாற்றிவிட்டது. யப்பானிய நேரம் இந்திய நேரத்திலும் மூன்றரை மணி முந்தியது. போகும்போது அதனைக் கழித்து, வரும்போது கூட்டிப் பாருங்கள். போக ஏழரை மணி. வர ஒன்பதரை மணி. விடை தலைகீழாகிவிடுகின்றது.

அப்பொழுது கடைசி வாங்கிலிருந்த ஒருவன் எழுந்தான். "பூமி கிழக்கு நோக்கியல்லவா சுழல்கின்றது? டில்லிதானே எதிர்கொண்டு வரும்! மேற்கே செல்லும் விமானமன்றோ முந்த வேண்டும்?" என்றான்.

ஏனையோர் சிரித்தனர், கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. ஓடும் புகைவண்டிக்குள் மேலே எறிந்த பந்து நம் கையிலேயே வந்து விழுகின்றது. அவ்வாறே பூமியுடன் வளிமண்டலமும் சேர்ந்து சுழல்கின்றது. ஆயினும் சுழற்சிக்கு இதிற் பங்கில்லாமலில்லை. வெப்ப வலயத்திலிருந்து குளிர்ந்த துருவத்தை நோக்கிச் செல்லும் மேற்காற்றைக் கிழக்கே திருப்புவது அதுவே. அதனால் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் ஓர் ஆறுபோல ஓடுகின்றது தாரைக்காற்று. மாரிக்காலத்தில் யப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரைத் தாண்டுவதும் உண்டு.

இதனை முதலில் அளந்தவர்களுள் ஒருவர் ஓயிஷி வசபுரோ என்னும் யப்பானிய வானிலை அறிஞர். 1920களில் ததேனோ ஆய்வுநிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு ஆராய்ந்து, 1926இல் தம் முடிவுகளை எஸ்பெராந்தோவில் வெளியிட்டார். உலகத்தார் யாவர்க்கும் பொதுவாகட்டும் என்று ஆக்கப்பட்ட அம்மொழியை உலகத்தாரிற் சிலரே கற்றிருந்தனர். 1944 நவம்பரில் டோக்கியோவுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டு விமானிகள் அக்காற்றிற் சிக்கித் திகைத்தனர்.

"போகும்போது இலாபம், வரும்போது நட்டம், இரண்டும் சரியாகிவிடும்" என்றான் அதே மாணவன். கணக்கைப் போடச் சொன்னேன். தூரம் 6,000 கிலோமீற்றர், விமான வேகம் மணிக்கு 900, காற்றின் வேகம் 100 என்று கொள்வோம். காற்றில்லாவிடில் ஒரு வழிக்கு 6 மணி 40 நிமிடம். காற்றோடு சென்றால் 6 மணி. எதிர்த்து வந்தால் ஏழரை மணி. இலாபம் 40 நிமிடம். நட்டமோ 50 நிமிடம்!

காற்றுக் கொடுப்பது கடன். திரும்பும்போது வட்டியுடன் வாங்கிக்கொள்கின்றது. அன்று மணி அடித்த பின்பும் வகுப்பில் ஒருவரும் எழவில்லை. முதலிற் சிரித்தவர்கள் அவனுடைய கொப்பியைச் சூழ்ந்து நின்றார்கள்.