கார் நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்?

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் வீடுகளில் எழும் முதற் கேள்வி, எந்தக் கல்லூரி என்பது. அடுத்த கேள்வி, கார் ஓட்டக் கற்றுக்கொள்வது எப்போது என்பது. திருப்பூர்ப் பகுதியில் பனியன் கம்பெனியோ சாயப்பட்டறையோ விசைத்தறிக் கூடமோ நடத்தும் வீடாக இருந்தால், இரண்டாவது கேள்வியே முந்திக்கொள்வதும் உண்டு. அப்பாவை அவினாசியில் இறக்கிவிட, பல்லடத்திலிருந்து துணி மாதிரி வாங்கிவர என்று, ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு வேலை காத்திருக்கிறது. எனவே, மாணவ நண்பர்களே, கார் வாங்குவது, ஓட்டுவது, அதற்குக் காப்பீடு செய்வது ஆகிய மூன்றையும் நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டு சற்று ஆராய்வோம்.

இளைஞர் ஒருவர் முதன்முதலில் வாங்கும் கார் பெரும்பாலும் பழைய காராகவே இருக்கும். வண்ணத்தையும் பாட்டுப்பெட்டியையும் பார்ப்பதற்கு முன், அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பாருங்கள். ஏ.பி.எஸ். எனப்படும் தடை அமைப்பு 2019 ஏப்ரல் முதல்தான் நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்கான காற்றுப்பை அதே ஆண்டு ஜூலை முதலும், அவருக்குப் பக்கத்தில் அமர்பவருக்கான காற்றுப்பை 2022 ஜனவரி முதலும் கட்டாயமாயின. 2016-இல் பதிவான காரில் இவை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.பி.எஸ். செய்வது இதுதான்: பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல், விட்டு விட்டுப் பிடித்து உருளவைக்கிறது. வழுக்கும் பரப்புகளுக்கிடையே உள்ள உராய்வு, வழுக்காத பரப்புகளுக்கிடையே இருக்கக்கூடிய பெரும உராய்வைவிடக் குறைவு என்பது உங்கள் பாடத்தில் உள்ளதே. சக்கரம் உருண்டுகொண்டிருந்தால் ஸ்டியரிங்கும் நம் சொல் கேட்கும்.

டயரின் பக்கவாட்டில் ஒரு குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். கார் டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 இலட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டிக்கு 5 ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை சுமார் 10,624 ரூபாய். ஊரில் 'ஃபிளாட் வட்டி' என்று சொல்கிறார்களே, அந்த முறையில் தொடக்கத் தொகைக்கே ஐந்தாண்டும் வட்டி போடுவார்கள்; தவணை 12,500 ரூபாய். பத்து என்று காதில் விழுந்தது, உண்மைக் கணக்கில் 17 விழுக்காட்டுக்கும் சற்று மேலே போய்விடுகிறது. பெருக்குத்தொடர் படித்த மாணவர் இதைத் தாமே போட்டுப் பார்த்துத் தந்தையாரிடம் காட்டலாம்.

இனி இருக்கை வார். இதைப் புரிந்துகொள்ளத் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. இழுத்தால் கண்ணிகள் முதலில் நீண்டு கொடுக்கும், பிறகுதான் நூல் விறைக்கும். வேட்டித் துணி பாவும் ஊடுமாக நெய்யப்பட்டது. பாவின் வழியே இழுத்தால் உடனே விறைத்துக்கொள்ளும். இருக்கை வாரைப் பின்னுவதில்லை, பாலியெஸ்டர் நூலால் நெருக்கமாக நெய்கிறார்கள். பனியன் போல நீண்டால், அது நம்மைப் பிடிப்பதற்குள் தலை முன்கண்ணாடியை அடைந்துவிடும். ஆனால் சிறிதளவு நெகிழ்ச்சியும் வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். காரின் முன்பகுதி நசுங்குவதும் வார் நெகிழ்வதும் சேர்ந்து உடலை அரை மீட்டர் தொலைவில் நிறுத்தினால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 20 மடங்கு. வார் போடாத உடல் எதிரே உள்ள பலகையில் மோதி 5 செ.மீ.க்குள் நின்றால் அது 200 மடங்கு. முன்னதில் பிழைக்க வழியுண்டு. மூன்று முனைகளில் பிடிக்கும் இன்றைய வாரை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார்.

இவை உள்ளே இருப்பவருக்கான ஏற்பாடுகள். வெளியே இருப்பவரின் கதைதான் நம் கட்டுரையின் உயிர்.

ஒரு சோதனை செய்யுங்கள். 30 செ.மீ. அளவுகோலை நண்பர் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கட்டும். கீழ்முனையில் உங்கள் இரு விரல்களைத் தொடாமல் வைத்திருங்கள். சொல்லாமல் அவர் விட, நீங்கள் பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட காலம் சுமார் 0.2 வினாடி. இது, விழப்போகிறது என்று தெரிந்து காத்திருக்கும்போது. சாலையில் குறுக்கே வருவது நாயா, சைக்கிளா என்று கண்டு, முடிவு செய்து, காலை ஒரு மிதியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்குள் ஒரு வினாடியாவது கழியும். களைப்பிருந்தால் இன்னும் கூடும். அந்த ஒரு வினாடியில் 60 கி.மீ. வேகக் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். (கைப்பேசியை இரண்டு வினாடி பார்த்தால் 33 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாகக் கணக்கு.)

அதன் பிறகே பிரேக். இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வு விழுங்கித் தீர்க்க வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பிரேக் தூரமும் அப்படியே. சமன்பாட்டின் இருபுறமும் நிறை இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது; கார் சிறிதா பெரிதா என்பது இதில் பொருட்டல்ல. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் பிரேக் தூரம் 9 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் 36 மீட்டர். வேகம் இரட்டித்தது, தூரம் நான்கு மடங்காயிற்று. மழையில் குணகம் 0.4 ஆகிவிட்டால், 80 கி.மீ. வேகத்தில் வரும் கார், அந்த ஒரு வினாடியையும் சேர்த்து, நிற்பதற்கு 85 மீட்டர் வேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள பேருந்துகள் ஏழினை வரிசையாக நிறுத்திய நீளம்!

இதில் மறைந்திருக்கும் வியப்பு வேறு. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒன்று 60, மற்றொன்று 80. இருவரும் ஒரே கணத்தில் ஒரு தடையைக் காண்கிறார்கள், ஒரு வினாடி கழித்து ஒரே கணத்தில் பிரேக் போடுகிறார்கள். உலர்ந்த சாலைதான். 60-இல் வந்தவர் ஏறத்தாழ 37 மீட்டரில், தடையைத் தொடாமல் நின்றுவிடுகிறார். அதே இடத்தை அடையும்போது 80-இல் வந்தவரின் வேகம் என்ன? வேக வேறுபாடு இருபதுதானே, இருபதில்தான் மோதுவார் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். நினைப்பதிலேயே அவர் 22 மீட்டர் கடந்துவிட்டார். பிரேக் பிடிக்கக் கிடைத்தது 15 மீட்டர் மட்டுமே. விடை: மணிக்கு 61 கி.மீ. முதற்கார் அசையாமல் நிற்கும் இடத்தில் இரண்டாவது கார், முதற்காரின் தொடக்க வேகத்துக்கும் சற்று மேலாகவே மோதுகிறது.

அந்தத் தடை என்னவென்று நம் ஊரில் ஊகிப்பது கடினமன்று. சனிக்கிழமை மாலை, சம்பளம் வாங்கிக்கொண்டு தொழிலாளர்கள் வெளிவரும் நேரத்தில், காங்கேயம் சாலையிலோ பெருமாநல்லூர்ச் சாலையிலோ நின்று பாருங்கள். கண்ணுக்கெட்டியவரை இருசக்கர வண்டிகள். 1000 கிலோகிராம் கார், ஆளோடு சேர்த்து 180 கிலோகிராம் எடையுள்ள, நின்றுகொண்டிருக்கும் இருசக்கர வண்டியில் 60 கி.மீ. வேகத்தில் மோதி, இரண்டும் ஒன்றாக நகர்வதாகக் கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி பொதுவேகம் சுமார் 51 கி.மீ. காருக்குள் இருப்பவரின் வேகமாற்றம் 9 மட்டும். வண்டியில் இருந்தவருக்கு ஒரு நொடிப்பொழுதில் 51. மோதல் ஒன்றுதான், பங்கீடு இப்படி. கனமான பக்கம் குறைவாகவும் இலேசான பக்கம் மிகுதியாகவும் வாங்கிக்கொள்கிறது. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவினாசிக்கு அருகே தேசிய நெடுஞ்சாலையில், கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்திட்டைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்தில் மோதி, பேருந்தில் இருந்த 19 பேர் இறந்தனரே, அங்கும் இந்த விதியே வேலை செய்தது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு மிகுவேகமே காரணமென மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது.

காப்பீட்டின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது. 'மூன்றாம் நபர் காப்பீடு' என்ற பெயர் பலருக்குப் புரிவதில்லை. காரின் உரிமையாளர் ஒருவர், காப்பீட்டு நிறுவனம் மற்றொருவர்; இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத, சாலையில் சும்மா போய்க்கொண்டிருந்த அந்த 51 கி.மீ. மனிதர்தான் மூன்றாம் நபர். அவருக்கான காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். உங்கள் காரின் நசுங்கலைச் சரிசெய்ய அது உதவாது. அதற்கு 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று பேச்சில் சொல்லும் விரிவான காப்பீடு வேண்டும். அது உங்கள் விருப்பம்.

எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டது? மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் 30 வயதுத் தையல் தொழிலாளி ஒருவர், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு இறந்ததாக வைத்துக்கொள்வோம். உச்சநீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் 21,000, அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 14,000, ஆண்டுக்கு 1,68,000, அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக, 28 இலட்சத்து 56 ஆயிரம் ரூபாய். வேறு சில தொகைகளும் இதனோடு சேரும்.

ஆனால் 1000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு, 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பட்டியலில், மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 2,094 ரூபாய்தான். ஊர்ச் சீட்டில் கட்டிய பணம் ஒருநாள் நம் கைக்கே திரும்பிவிடும். காப்பீட்டில் திரும்பாது, திரும்பாமல் இருந்தால் நல்லது. யார் விபத்தில் சிக்குவார் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் பல இலட்சம் கார்களை ஒன்றாக எடுத்தால், ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை சிக்கும் என்று சொல்லிவிடலாம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் எட்டுத் தலை விழக்கூடும், பத்தாயிரம் முறை சுண்டினால் பாதியை ஒட்டியே விழும் என்ற பேரெண் விதி இது. ஜேக்கப் பெர்னூலியின் நிறுவல் அவர் மறைந்தபின், 1713-இல் அச்சாயிற்று. காப்பீட்டுத் தொழிலே இதன்மேல்தான் நிற்கிறது.

இவ்வளவிருந்தும் பலர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டனர். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக் குறித்து 2012-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018-இல் பிறந்த ஆணையால், அவ்வாண்டு செப்டம்பர் முதல் புதிய கார் வாங்கும்போதே மூன்றாண்டுக்கும், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்றாயிற்று. முறிந்த எலும்புகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர், அவை முறியும் இடத்தையே நோக்கித் திரும்பியது நம் பகுதிக்குப் பெருமை என்று நான் கருதுகிறேன். பழைய கார் வாங்குவோர், அந்த மூன்றாண்டு முடிந்துவிட்டதா என்று தாளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் பதினேழு, பதினெட்டு வயது ஓட்டுநரிடம் காப்பீட்டு நிறுவனங்கள் மற்றவர்களைவிடப் பன்மடங்கு கட்டணம் கேட்கும். நம் நாட்டு மூன்றாம் நபர் கட்டணம் எந்திரத்தின் அளவைப் பார்க்கிறதே தவிர, ஓட்டுபவரின் வயதைப் பார்ப்பதில்லை. வயதைப் பார்ப்பது உரிமச் சட்டம். கார் ஓட்ட 18 நிறைந்திருக்க வேண்டும். 'பக்கத்துத் தெருவுக்குத்தானே, பையன் போய் வரட்டும்' என்று சாவியைக் கொடுக்கும் பெரியவர்கள் 2019-இல் சேர்க்கப்பட்ட பிரிவை அறிய வேண்டும். வயது நிறையாதவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. உரிமமில்லாதவர் ஓட்டி நேர்ந்த விபத்துகள் பலவற்றில், இழப்பீட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. மேலே போட்ட 28 இலட்சம் அப்போது அப்பாவின் கணக்கில் வந்து சேரும்.

பதினெட்டு நிறைந்ததும் எல்.எல்.ஆர். எடுக்கலாம், ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். அந்த நாள்களில் ஒரு காலை, உரிமம் பெற்ற பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத மைதானத்தில் ஒரு கல்லை நட்டு, அதன் அருகே 15 கி.மீ. வேகத்தில் ஒருமுறையும் 30 கி.மீ. வேகத்தில் ஒருமுறையும் பிரேக் போட்டு நிறுத்துங்கள். இருக்கை வார் போட்டிருக்க வேண்டும். கல்லிலிருந்து கார் நின்ற தொலைவை ஒவ்வொரு முறையும் அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். நான்குக்கு எவ்வளவு அருகில் வருகிறதென்று உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.