தங்கப் பதக்கமும் தராசுத் தட்டும்

ஜெயங்கொண்டம் கடைவீதியில் மளிகை வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் மகள், பாரதிதாசன் பல்கலைக்கழகத் தேர்வில் ரேங்க் வாங்கியவர். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார் தந்தை. "இரண்டு வருஷமாச்சு, வேலை கிடைக்கவில்லையே! ரேங்க்குக்கு மதிப்பில்லையா?" என்று நம்மிடம் கேட்டார். அன்பர்கள் பலருக்கும் உள்ள கேள்வி என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மதிப்பு உண்டு. ஆனால் சரக்கு ஒன்றானாலும் சந்தைக்குச் சந்தை தராசு வேறு.

தேர்வாணையத்தின் குரூப்-4 பதவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பத்தாம் வகுப்பு தேறினால் போதும். அதன்பின் எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் கணக்கு. கல்லூரி ரேங்க்குக்குத் தனி மதிப்பெண் கிடையாது. 2024-இல் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். வங்கி எழுத்தர் வேலைக்கும் பட்டம் நுழைவுச் சீட்டு மட்டுமே. கிராம அஞ்சல் ஊழியர் பணிக்கோ பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். பட்டத்துக்குச் சலுகை இல்லை.

கல்லூரி மதிப்பெண் எடைக்கு வந்த இடமும் உண்டு. 2012 முதல் பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் தகுதித் தேர்வுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15 என்று கணக்கிட்டார்கள். 2018-இல் அதை விட்டுத் தனிப் போட்டித் தேர்வு என்று அரசு ஆணையிட்டது. பழைய கணக்கை நம்பியிருந்தவர்கள் மறுபடியும் புத்தகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் கல்லூரி ஆசிரியர் ஆக முதுகலையில் பொதுவாக 55 சதவீதம் வேண்டும். அதோடு நெட் அல்லது செட் தேர்விலும் தேற வேண்டும், அல்லது முனைவர் பட்டம் வேண்டும். கணினி நிறுவனங்கள் பலவும் 60 சதவீதம் கேட்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டியபின், பேச்சும் திறமையும்தான் வேலையை வாங்கித் தரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தப்படி பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ்களைப் படித்த பள்ளிகளில் இப்போதே வாங்கி வையுங்கள்.

அன்பருக்கு நாம் சொன்னது இதுதான்: சான்றிதழ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மகளை வேலை இல்லாதவள் என்று பேசாதீர்கள். எந்த வேலைக்கு எந்தத் தராசு என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கொள்முதலுக்கு முன் விலை விசாரிக்கும் நமக்கு இது தெரியாததா?