காவலர் எழுத ஒரு பக்கம்

டெல்லி புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து மேற்கே போனால் திகார் சிறை. அதைக் காப்பவர்களில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினரும் உண்டு. ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து துப்பாக்கியோடு நிற்கும் அந்தக் காவலருக்குத் தன் வேலையைப் பற்றி நாலு வரி எழுதத் தோன்றினால் எங்கே எழுதுவார்?

நினைத்தபடி பத்திரிகைக்கு அனுப்பிவிட முடியாது. காவல் படையினர் அனுமதியின்றி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 1966-ஆம் ஆண்டு உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம். கதை, கவிதை, கலை, அறிவியல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லிக் காவலர் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மிஞ்சியது, துறையே நடத்தும் பத்திரிகை.

டெல்லியிலிருந்து 1954 முதல் 'இந்தியன் போலீஸ் ஜர்னல்' வருகிறது. உளவுத்துறையான இன்டெலிஜென்ஸ் பீரோ தொடங்கியது. 1970-ல் உருவான போலீஸ் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியகம் இன்று நடத்துகிறது. தடய அறிவியல், புலனாய்வு, பயிற்சி பற்றியெல்லாம் உருப்படியான கட்டுரைகள் அதில் உண்டு. ஆனால் மொழி ஆங்கிலம். எழுதுவோர் பெரும்பாலும் உயர் அதிகாரிகளும் ஆய்வாளர்களும். இந்தியில் 'போலீஸ் விக்யான்' வெளியிடுகிறார்கள். படையில் பெரும்பங்கினரான கீழ்நிலைக் காவலர் இவற்றில் பேசுபொருளாக வருகிறாரே தவிர, பேசுபவராக வருவது அபூர்வம்.

லண்டனில் வேறு விதமாக நடந்தது. ஜான் கெம்ப்ஸ்டர் என்பவர் 1893-ல் 'போலீஸ் ரிவ்யூ' என்ற வார இதழைத் தொடங்கினார். துறையின் இதழ் அல்ல அது. காவலர்களுக்காக வெளியில் இருந்து நடத்தப்பட்டது. பதவி உயர்வுத் தேர்வுக்குப் பாடம் சொல்லித் தந்தது. காவலர்கள் கூடிப் பேசும் உரிமைக்காக வாதாடியது. 2011 வரை நீடித்தது.

காவலருக்கு எழுத வராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெல்லி சப்ஜி மண்டி காவல் நிலையத்தில் 1861 அக்டோபர் 18 அன்று பதிவான முதல் தகவல் அறிக்கை இன்றும் இருக்கிறது. திருடுபோனவை: சமையல் பாத்திரங்கள், கிண்ணம், ஹூக்கா, பெண்களின் துணிமணி, எல்லாம் சேர்த்து 45 அணா மதிப்பு. ஒரு வீட்டின் நிலைமை முழுவதும் அந்தப் பட்டியலில் தெரிகிறது. அப்படிப் பார்த்துப் பதிவதுதான் அவர்களுடைய அன்றாடத் தொழில்.

தர்ம வீரா தலைமையிலான தேசிய போலீஸ் ஆணையம், 1979-ல் தந்த முதல் அறிக்கையிலேயே காவலரின் ஊதியத்தையும் குறைகளையும் எடுத்துக்கொண்டது. அந்தக் குறைகளை அவரே தன் மொழியில் சொல்ல, ஒவ்வொரு மாநிலத்தின் துறை இதழிலும் காவலர் பக்கம் வேண்டும். அதில் எழுதியதற்காக யார் மீதும் நடவடிக்கை இல்லை என்ற உத்தரவும் முதல் இதழிலேயே அச்சாக வேண்டும்.