முதல் வகுப்பில் பிறக்கும் கதைகள்

உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை உண்டா? மகனாக இருக்கலாம். மகளாக இருக்கலாம். பேரன், பேத்தியாகவும் இருக்கலாம். சாயங்காலம் பிள்ளை வீடு வந்து பையை இறக்கி வைக்கும். நீங்கள் கேட்பீர்கள்.

"கண்ணு, இன்னைக்கு என்ன படிச்சே?"

"ஒண்ணும் படிக்கலே. விளையாடினோம். டீச்சர் கதை சொன்னாங்க."

இதைக் கேட்டதும் பலருக்குக் கவலை வந்துவிடுகிறது. விளையாடவும் கதை கேட்கவுமா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்? அ, ஆ எப்போது சொல்லித் தருவார்கள்? இப்படி நினைக்கிறோம். சிலர் பள்ளிக்கே போய் டீச்சரிடம் சண்டை பிடிப்பதும் உண்டு.

நம்மில் பலர் சின்ன வயதில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. கொழுந்து பறிக்கப் போனோம். மாடு மேய்க்கப் போனோம். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டோம். அதனால் அந்த வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

வகுப்பறைக்குள்

கேரளத்தில் ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை உள்ள பள்ளியை எல்.பி. பள்ளி என்கிறோம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லை ஊர்களில் தமிழில் பாடம் நடக்கும் பள்ளிகள் உள்ளன. இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் உள்ளன. சில இடங்களில் மலையாள வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மலையாளப் பாட்டு. இந்தப் பக்கம் தமிழ்ப் பாட்டு.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். மூணாறில் அப்போது மழை விடாது. முதல் வாரம் ஒன்றாம் வகுப்பில் அழுகைச் சத்தம்தான் கேட்கும். டீச்சர் ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொரு பிள்ளையின் மூக்கைத் துடைப்பார். இதுவும் அவருடைய வேலைதான்.

காலையில் பெயர் கூப்பிடுவார்கள். பிள்ளை எழுந்து நின்று பதில் சொல்லும். சில டீச்சர்கள் பெயரை அட்டையில் எழுதி வைப்பார்கள். பிள்ளை தன் அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். பார்த்தால் விளையாட்டு. ஆனால் பிள்ளை தன் பெயரைப் படிக்கிறது. நீங்கள் எழுதப் பழகிய முதல் சொற்களில் ஒன்று எது? உங்கள் பெயராகத்தான் இருந்திருக்கும்.

மதியம் சாப்பாடு. முன்பெல்லாம் கஞ்சியும் பயறும். பிறகு சோறும் கறியும் வந்தன. பாலும் முட்டையும் சேர்ந்தன. வரிசையில் நிற்பது, கை கழுவுவது, தட்டைத் திருப்பி வைப்பது எல்லாம் பிள்ளைக்குப் புதிது. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு இவை பெரிய செய்திகள். அந்தச் செய்திகளில் இருந்துதான் கதை பிறக்கிறது.

கரும்பலகையில் ஒரு கதை

டீச்சர் கேட்பார்: "இன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

ஒரு பிள்ளை மழை வந்ததைச் சொல்லும். ஒரு பிள்ளை ஜன்னலைச் சொல்லும். இன்னொன்று, "தவளை!" என்று கத்தும். டீச்சர் அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கரும்பலகையில் எழுதுவார். இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

மழை வந்தது.
ஜன்னல் நனைந்தது.
டீச்சர் ஜன்னலைச் சாத்தினார்.
ஒரு தவளை உள்ளே வந்தது.
நாங்கள் சிரித்தோம்.

ஐந்தே வரி. இதை டீச்சர் விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். பிள்ளைகள் கூடச் சேர்ந்து படிப்பார்கள். அவர்களுக்கு எழுத்து இன்னும் தெரியாது. ஆனால் கதை தெரியும். அது அவர்கள் கண்ணால் பார்த்தது. வாயால் சொன்னது.

பிள்ளை வீட்டுக்கு வந்து இதையே பார்க்காமல் ஒப்பிக்கும். "எழுத்தைப் பார்க்காமல் ஒப்பிக்கிறாயே" என்று திட்டாதீர்கள். படிப்பின் முதல் படி அது. பேச்சை எழுத்தில் பிடித்து வைக்க முடியும் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாமல் பல வருடம் இருந்த நமக்குத்தான் அந்த முதல் படியின் உயரம் தெரியும்.

மறுநாள் டீச்சர் ஒவ்வொரு வரியையும் தனித்தனிக் காகிதத்தில் எழுதிக் கலைத்துப் போடுவார். பிள்ளைகள் வரிசையாக அடுக்க வேண்டும். "வந்தது" என்ற சொல் இரண்டு இடத்தில் இருப்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். பிறகு "மழை" என்ற சொல்லில் இருந்து "ம" தனியாகப் பிரியும். மழை, மரம், மலை. ஒரு எழுத்து கைக்கு வந்துவிட்டது. தமிழில் மொத்தம் 247 எழுத்துகள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கதைக்கு வரவேண்டும் என்றால் எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது.

எழுத்து வரிசை வேண்டாமா? வேண்டும். கேரளத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. 1990களின் பிற்பகுதியில் பாடமுறை மாறியது. பாட்டு, கதை, செயல் வழியாகக் கற்பித்தல் வந்தது. பின்னர் மலையாளப் பாடப் புத்தகத்தில் அட்சரமாலை இல்லையே என்று எழுத்தாளர்கள் பலர் கேட்டார்கள். அதைச் சேர்க்க 2022-ல் அரசு முடிவு செய்தது. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எழுத்து வரிசை, ஏணி மாதிரி. சுவரில் சாத்தி வைத்தால் உதவும். மேலே ஒரு பரண் இருப்பது பிள்ளைக்குத் தெரிந்தால்தான் ஏணியில் ஏற ஆசை வரும்.

நியூசிலாந்தில் ஒரு டீச்சர்

நியூசிலாந்து என்ற நாடு கடலுக்கு அப்பால் வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஸில்வியா ஆஷ்டன்-வார்னர் என்று ஒரு டீச்சர் இருந்தார். அந்த நாட்டின் பழங்குடி மக்கள் மவோரிகள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்தினார். பாடப் புத்தகமோ வேறு வகை வீடுகளைப் பற்றியது. வேறு வகைப் பிள்ளைகளைப் பற்றியது. மவோரிப் பிள்ளைகளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

டீச்சர் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, "உனக்கு எந்தச் சொல் வேண்டும்?" என்று கேட்டார். ஒரு பிள்ளை "அம்மா" என்றது. ஒரு பிள்ளை "பேய்" என்றது. அந்தச் சொல்லை அட்டையில் பெரிதாக எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்தார். மறுநாள் அட்டைகளை எல்லாம் தரையில் கொட்டினார். பிள்ளைகள் ஓடி வந்து தங்கள் சொல்லைத் தேடி எடுத்தார்கள். பிள்ளைக்கு அடையாளம் தெரியாத அட்டையை அவர் தூக்கிப் போட்டுவிட்டார். அது பிள்ளையின் மனதில் இருந்து வந்த சொல் இல்லை என்பது அவர் கணக்கு. பிள்ளைகளின் வாழ்க்கையை வைத்துப் படம் போட்டுச் சின்னப் புத்தகங்களும் கையாலேயே செய்தார். இந்த அனுபவத்தை அவர் எழுதிய புத்தகம் 1963-ல் வந்தது. உலகம் முழுவதும் ஆசிரியர்கள் அதைப் படித்தார்கள்.

பேய் என்ற சொல்லை எந்தப் பாடப் புத்தகம் முதல் பாடமாக வைக்கும்? ஆனால் பிள்ளை அதை ஒரே நாளில் படித்துவிட்டது.

வெள்ளம் என்றால் என்ன?

நம் எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. மலையாள டீச்சர், "வெள்ளம் வேணோ?" என்று அன்பாகக் கேட்கிறார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். தமிழ் பேசும் பிள்ளைக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் கரை புரண்டு வருவது. பிள்ளை மிரண்டு பார்க்கும். பெரியவர்கள் நாம் இரண்டு மொழியிலும் சமாளித்துவிடுவோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு, பேச்சும் புதிது, எழுத்தும் புதிது என்றால் இரண்டு சுமை.

1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தது. அதுவரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. மொழியை வைத்து எல்லைக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுபவர்களும், அந்தப் பக்கம் மலையாளம் பேசுபவர்களும் இருக்கத்தானே செய்வார்கள்? அதனால் அதே 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சிறுபான்மை மொழி பேசும் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ் வகுப்பு யாரோ இரங்கிக் கொடுத்த சலுகை என்று நினைக்க வேண்டாம்.

தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-லேயே ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர்களின் பிள்ளைகளில் 6 முதல் 12 வயது வரை உள்ளவர்கள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்கள் படிக்க முதலாளி வசதி செய்ய வேண்டும் என்று அரசு விதி போடலாம் என அந்தச் சட்டம் சொன்னது. லயத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

தமிழ்ப் புத்தகமும் எல்லாருக்கும் வீட்டு மொழி ஆகிவிடாது. இடமலைக்குடி முதுவர் பிள்ளையும் அட்டப்பாடி இருளர் பிள்ளையும் வீட்டில் பேசுவது வேறு. வயநாட்டில் 2017-ல் பழங்குடி மக்களில் படித்தவர்களையே பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் மொழி தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்தால் பிள்ளை வாய் திறக்கும்.

ஆறாவது நாள் கணக்கு

இது சின்ன விஷயம். ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கேரளத்தில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். மே மாதம் தேனிப் பக்கமோ பொள்ளாச்சிப் பக்கமோ சொந்த ஊருக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பினால், உங்கள் பிள்ளை அந்தக் கணக்கில் விட்டுப்போகும். ஒரு பிள்ளை குறைந்ததால் ஒரு டீச்சர் குறையலாம்.

சிலர் பிள்ளையை வேனில் ஏற்றி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் அந்த வேன் நிறைய நிறைய, இங்கே தமிழ் வகுப்பில் பெஞ்சு காலியாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வகுப்பு இல்லாமல் போகலாம். முடிவு எடுக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

பென்சிலும் பேனாவும்

இப்போது உங்களுக்கான வேலைக்கு வருவோம்.

2023-24 கல்வியாண்டில் கேரளத்தின் ஒன்றாம் வகுப்புகளில் ஒரு புதிய வழக்கம் வந்தது. மலையாளத்தில் அதற்கு "சம்யுக்த டைரி" என்று பெயர். கூட்டு டைரி என்று சொல்லலாம். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து தினமும் நாலு வரி எழுத வேண்டும். பள்ளியில் நடந்தது, வழியில் பார்த்தது, வீட்டில் செய்தது எதுவும் எழுதலாம். படமும் போடலாம்.

இதில் ஒரு அழகான ஏற்பாடு. பிள்ளை தனக்குத் தெரிந்த எழுத்தைப் பென்சிலால் எழுதும். தெரியாத சொல் வந்தால் அம்மாவோ அப்பாவோ அதைப் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். "இன்று எங்கள் வகுப்பில் தவளை வந்தது" என்று ஒரு வரி. "இன்று" பென்சில். "எங்கள்" பென்சில். "வகுப்பில்" பேனா. "தவளை" பேனா. "வந்தது" பென்சில். ஜூன், ஜூலையில் பக்கம் முழுவதும் பேனாவாக இருக்கும். மாதம் போகப் போகப் பேனா குறையும். பென்சில் கூடும். பிள்ளை எவ்வளவு கற்றது என்பதை நோட்டைப் புரட்டினாலே பார்த்துவிடலாம். பரீட்சை வேண்டாம். மார்க்கு வேண்டாம்.

இந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. பேனா பிடிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்துத்தான் இதைச் செய்தார்கள். யாருக்கும் எழுதத் தெரியாத வீட்டில் அந்த நோட்டு வெறுமையாக வரும். பிள்ளை வகுப்பில் தலை குனிந்து நிற்கும். அண்ணனோ அக்காவோ எழுதிக் கொடுத்தால் உண்டு.

உங்கள் வீட்டில் அந்த நிலை இல்லை. நீங்கள் இந்தப் பக்கத்தை இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்களே! உங்களிடம் எழுத்து இருக்கிறது. என் எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். டீச்சர் உங்கள் எழுத்துக்கு மார்க்கு போடப் போவதில்லை. பிள்ளைக்கோ, அம்மாவும் நம்மைப்போல யோசித்து யோசித்து எழுதுகிறாள் என்பதே தைரியம்.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் இந்த டைரி இல்லாவிட்டாலும் நீங்களே தொடங்கலாம். பழைய நோட்டு ஒன்று போதும். சாயங்காலம் கேள்வியை மட்டும் மாற்றுங்கள். "என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லே" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்தே? யார் அழுதா? எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேளுங்கள். பிள்ளை நிறுத்தாமல் பேசும். அதில் ஒரு வரியைப் பிடியுங்கள். பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். வேறு நல்ல சொல் போட்டுத் திருத்த வேண்டாம். எழுதியதைத் தொட்டுக் காட்டிச் சேர்ந்து படியுங்கள். பத்து நிமிடம் ஆகும். அவ்வளவுதான்.

எழுதும்போது பிள்ளைக்கும் தெரியாத, உங்களுக்கும் தெரியாத எழுத்து ஒன்று குறுக்கே வரும். "ண" வா, "ன" வா? "ற" வா, "ர" வா? அந்த இடத்தில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு விட்டுவிடுங்கள். மறுநாள் டீச்சரிடம் கேட்டு வந்து உங்களுக்குச் சொல்லும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.