மேற்றோலின் சமநிலை: ஒரு கணித மாதிரி

தோலின் மேற்பரப்பிலிருந்து முதிர்ந்த உயிரணுக்கள் நாள்தோறும் உதிர்கின்றன. அடிப்படையிலுள்ள உயிரணுக்கள் பிரிந்து அவ்விழப்பை ஈடுசெய்கின்றன. ஈடு குறைந்தால் தோல் மெலியும்; மிகுந்தால் தடிக்கும். (இலங்கைப் பாடநூல்கள் 'கலம்' என்றே எழுதும், இங்கு உயிரணு என்ற தமிழக வழக்கையே ஆள்கிறேன்.)

1970கள் முதல் நிலவிய விளக்கத்தின்படி, ஏறத்தாழ பத்து அடி உயிரணுக்கள் கொண்ட ஓர் அலகின் நடுவே ஒரு குருத்தணு உண்டு. அது பிரியுந்தோறும் ஒரு சேய் குருத்தணுவாகவே நிற்கும். மற்றது சிலமுறை பெருகி முதிரும். அவ்வாறாயின், ஒரு குருத்தணுவின் கால்வழி ஓர் அளவோடு நின்றுவிட வேண்டும்.

2007இல் கேம்பிரிட்ஜின் பிலிப் ஜோன்ஸ், பெஞ்சமின் சைமன்ஸ் குழுவினர் எலியின் வால் தோலில் தனி உயிரணுக்களுக்கு அடையாளமிட்டு ஓராண்டு பின்தொடர்ந்தனர். கால்வழிகள் பல அற்றுப்போயின. எஞ்சியவையோ வளர்ந்துகொண்டே இருந்தன. இதை விளக்க அவர்கள் அமைத்த மாதிரி மிக எளியது. முன்னோடி உயிரணு ஒரே வகை. வாரத்திற்கு ஏறத்தாழ 1.1 முறை பிரியும். நூறு பிரிவுகளில் 84இல் ஒரு சேய் முன்னோடியாகும், மற்றது முதிரும். 8இல் இரண்டும் முன்னோடிகள். எஞ்சிய 8இல் இரண்டும் முதிர்வன. தனியொரு பிரிவில் எது நேரும் என்பது தற்செயலே.

குடும்பப் பெயர்கள் அற்றுப்போவதைப் பற்றி 1874இல் கால்டனும் வாட்சனும் இட்ட கணக்கின் இனத்தைச் சேர்ந்ததே இது. மேற்கண்ட எண்களை இட்டுப் பார்த்தால், நூறு கால்வழிகளில் ஓராண்டில் ஏறத்தாழ 18 மட்டுமே முன்னோடிகளோடு எஞ்சும். ஒவ்வொன்றிலும் சராசரியாக 5.6 முன்னோடிகள் இருக்கும். பெருக்கினால் மீண்டும் நூறே. ஆகவே சமநிலை தனி உயிரணுவின் பண்பன்று, தொகையின் பண்பு. மாறாக, 8–8 என்பது 9–7 எனச் சற்றே சாய்ந்தால், முன்னோடிகள் ஓராண்டில் மும்மடங்குக்கும் மேலாகும். புற்றுநோய் ஆய்வாளர் இம்மாதிரியில் ஆர்வங்கொள்வது இதனாற்றான்.

ஒரே வகைதானா என்பது தீர்ந்த வழக்கன்று. வால் தோலிலேயே மெதுவாகப் பிரியும் மற்றொரு தொகுதி உண்டென்றும், காயம் ஆற்றுவதில் அதன் பங்கு பெரிதென்றும் பிரஸ்ஸல்ஸ் குழுவினர் 2012இல் காட்டினர்.

8–8 என்னும் சமன் மாதிரிக்குள் நாம் இடும் எண். தோல் அதை எவ்வாறு காக்கிறது என்பதை மாதிரி கூறாது. அதற்கு விடை நேரடிப் படப்பிடிப்பிலிருந்து வந்தது. உயிருள்ள எலியின் தோலை நாள்தோறும் படம்பிடித்த யேல் பல்கலைக்கழகக் குழுவினர், ஓர் உயிரணு முதிர்ந்து அடிப்படையை விட்டு மேலேறிய பின்னரே அதன் அண்டை உயிரணு பிரிவதை 2018இல் எடுத்துரைத்தனர். பிறப்பு இறப்பைத் தூண்டவில்லை. வெற்றிடமே பிறப்பைத் தூண்டுகிறது.